பெரியப்பா விட்டுப் போன வி-டெக்: எந்த ஆயில் ஊற்றுவது?

பாளை_சிட்டி எழுதியது:

வணக்கம். தொழில்முறையில் நானும் ஓர் ஆயில்காரன்தான். பணகுடிப் பக்கம் காற்றாலைகளில் பராமரிப்பு வேலை. அந்தரத்தில் தொங்கிக்கொண்டு கியர்பாக்ஸுக்கு வி.ஜி. 320 என்ற கெட்டியான ஆயில் மாற்றுகிறவன், சொந்தக் காருக்கு என்ன ஊற்றுவது என்று கேட்டால் சிரிப்பு வரும். சிரித்துவிட்டுப் பதில் சொல்லுங்கள்.

வண்டி 2002 ஹோண்டா சிட்டி, 1.5 வி-டெக், மேனுவல் கியர். அம்பாசமுத்திரத்தில் அரிசி மில் வைத்திருந்த பெரியப்பாவுடையது. அவர் போய் இரண்டு வருஷம் ஆகிறது. வெளியாளுக்குக் கொடுக்க மனசில்லை என்று பெரியம்மா சாவியை என் கையில் வைத்துவிட்டார். மில்லில் உமியும் தவிடுமாக நிற்கிற மனுஷன், வெள்ளிக்கிழமை காலையில் குளித்துவிட்டு இந்த வண்டியை எடுத்துக்கொண்டு பாபநாசம் வரை ஒரு விரட்டு விரட்டிவிட்டுத்தான் மில்லைத் திறப்பார். 106 குதிரைத்திறன். இன்றைக்கு அது பெரிய எண் இல்லை, ஆனால் வண்டி எடையும் ஒரு டன் சொச்சம்தான். முள் ஐயாயிரத்தை நெருங்கும்போது சத்தம் மாறி ஒரு இழுப்பு இழுக்கும் பாருங்கள், பெரியப்பா எதற்காக இதைக் கடைசி வரை விற்கவில்லை என்று அப்போது புரிந்தது.

இப்போது 1,48,000 கி.மீ. ஓடியிருக்கிறது. தினமும் பாளையங்கோட்டையிலிருந்து பணகுடி, நாலு வழிச்சாலையில் ஐம்பது கி.மீ. சொச்சம் போக, அதே அளவு வர. விஷயம் இதுதான்: டிப்ஸ்டிக்கில் மேல் குறியிலிருந்து கீழ் குறிக்கு 1,800 கி.மீ.யில் இறங்கிவிடுகிறது. கிட்டத்தட்ட ஒரு லிட்டர். காலையில் ஸ்டார்ட் செய்தால் தையல் மிஷின் மாதிரி டக்டக்கென்று ஒரு சத்தம். நான் வழக்கமாகப் போகும் பட்டறையில் "வயசான இன்ஜின், கெட்டியா ஊத்தினாத்தான் நிக்கும்" என்று 20டபிள்யூ-50 ஊற்றினார்கள். ஆயில் குறைவது கொஞ்சம் மட்டுப்பட்ட மாதிரி இருந்தது. ஆனால் வண்டி காலையில் நனைந்த மாடு மாதிரி நகர்கிறது. அந்த ஐயாயிரத்து இழுப்பும் சில நாள் வருகிறது, சில நாள் வருவதில்லை.

கையேட்டைப் பார்க்கலாம் என்றால் டேஷ்போர்டு பெட்டிக்குள் செல்லரித்துக் கிடக்கிறது. பெரியப்பா ஒரு நோட்டு வைத்திருந்தார். தேதி, கிலோமீட்டர், கூலி எல்லாம் அச்சுக் கோத்த மாதிரி எழுதியிருக்கிறார். ஆயில் வரும் இடத்தில் மட்டும் ஒவ்வொரு முறையும் "நல்ல ஆயில்" என்று இருக்கிறது. அவ்வளவுதான்.

அந்த நல்ல ஆயில் எது? கனிம ஆயிலா, சிந்தெடிக்கா? பழைய இன்ஜினுக்கு சிந்தெடிக் ஊற்றினால் ஒழுகும் என்கிறார்களே, நிஜமா?

மேலப்பாளையம்_ஸ்பானர்:

இதில் யோசிக்க என்ன இருக்கிறது? சித்திரை வெயிலில் பாளையில் தார் ரோடே இளகுகிறது. 5டபிள்யூ-30 எல்லாம் பனி பெய்யும் ஊருக்கு. 20டபிள்யூ-50 ஊற்றியது சரிதான். குறைந்தால் ஊற்றிக்கொண்டே போங்கள்.

ஆலங்குளம்_டிராக்டர்:

லாரிக்கு ஊற்றுகிற 15டபிள்யூ-40, சி.ஐ.-4 என்று போட்ட டப்பா. உள்ளே இருக்கும் கசடையெல்லாம் கழுவி எடுக்கும். என் டிராக்டர், என் வேன், மச்சினனின் மாருதி எஸ்டீம் கார், எல்லாம் ஒரே பீப்பாய்தான். மச்சினன் கல்யாணத்துக்கு வாங்கிய பீப்பாய் என்று வீட்டில் கிண்டல் செய்வார்கள்.

தென்காசி_கொட்டகை:

தம்பி, மற்ற இருவர் சொன்னதிலும் கொஞ்சம் கொஞ்சம் நியாயம் இருக்கிறது. ஆனால் மூன்று பேருமே கடைசியில் கேட்க வேண்டிய கேள்வியை முதலில் கேட்கிறீர்கள். நான் கோயம்புத்தூரில் பதினெட்டு வருஷம் ரேஸ் வண்டிக் கொட்டகையில் இருந்துவிட்டு இப்போது ஊரோடு வந்து உட்கார்ந்திருக்கிறேன். இந்த இன்ஜினை எத்தனையோ முறை பிரித்துப் போட்டிருக்கிறேன். அதனால் கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

மற்ற வண்டிகளில் ஆயிலுக்கு வேலை வழுக்குவது, குளிர்விப்பது, அழுக்கைச் சுமப்பது. உங்கள் வண்டியில் இன்னொரு வேலையும் உண்டு: அது ஒரு கை மாதிரி தள்ளும். வேகம் ஏறியதும் கம்ப்யூட்டர் சோலினாய்டு என்கிற ஒரு மின் வால்வைத் திறக்கும். இன்ஜின் வால்வுகளை அழுத்தும் ராக்கர்களின் தண்டுக்குள் ஆயில் ஓடி, ராக்கர்களுக்குள் இருக்கும் சின்னச் சின்னப் பின்களைத் தள்ளும். தனித்தனியாக ஆடிக்கொண்டிருந்த ராக்கர்கள் ஒன்றாகப் பூட்டிக்கொண்டு உயரமான கேம் முனைக்கு மாறும். வி-டெக் என்பதும், நீங்கள் சொல்லும் இழுப்பும் அதுதான். பெட்ரோலைவிட ஆயில்தான் அதற்கு எஜமான். ஆயில் அளவு குறைந்திருந்தாலோ, போகிற வழி அடைத்திருந்தாலோ அந்த மாற்றம் நடக்காது. சோலினாய்டு ஹெட்டில் உட்காரும் இடத்தில் ஒரு பேக்கிங், அதிலேயே மெல்லிய வலை ஒன்று இருக்கும். இருபது வருஷம் ஆன வண்டியில் அந்த வலையை ஒருவரும் கண்ணால் பார்த்திருக்க மாட்டார்கள். சில நாள் வருகிறது, சில நாள் வரவில்லை என்றால் நான் முதலில் அங்கேதான் போவேன். அந்தப் பேக்கிங் காய்ந்து விறைத்தால் ஒழுகவும் செய்யும்.

இன்னும் இரண்டு இடம் சொல்கிறேன். பிளக்குகளுக்கு மின்சாரம் பிரித்துக் கொடுக்கும் டிஸ்ட்ரிபியூட்டரின் ஓ-ரிங் (ரப்பர் வளையம்) போனால் எண்ணெய் மெதுவாக கியர்பாக்ஸ் மேல் இறங்கித் தூசியோடு சேர்ந்து கறுப்புக் களியாகிவிடும். தரையில் சொட்டாததால் ஒழுகல் இல்லை என்று நினைப்போம். மற்றது இன்ஜினுக்குள் சேரும் வாயுவை வெளியேற்றும் பி.சி.வி. வால்வு. நூறு, இருநூறு ரூபாய்ச் சாமான் அடைத்துக்கொண்டு, மற்ற எல்லா பேக்கிங்கையும் உள்ளிருந்து அழுத்திக்கொண்டிருக்கும்.

எரிகிறதா, ஒழுகுகிறதா என்று பிரிக்க ஒரு வழி. செங்கோட்டை தாண்டி ஆரியங்காவு வரை ஏறுங்கள். திரும்பும்போது புளியரை எஸ் வளைவு இறக்கத்தில் இரண்டாம் கியரில் ஆக்சிலேட்டரை விட்டுவிட்டு இறங்குங்கள். கீழே சமதளம் வந்ததும் அழுத்துங்கள். பின்னால் பைக்கில் ஒரு ஆளை வரச் சொல்லுங்கள். அந்த நொடியில் நீலப் புகை ஒரு கொத்து வந்து நின்றால் வால்வு சீல். ஏற்றத்தில் அழுத்திக்கொண்டே போகும்போது விடாமல் வந்தால் பிஸ்டன் ரிங். ரிங் என்றால் எந்த ஆயிலும் காப்பாற்றாது.

டக்டக் சத்தம்: இந்த இன்ஜினில் வால்வு இடைவெளியைத் தானே சரிசெய்துகொள்ளும் ஹைட்ராலிக் டேப்பட் இல்லை. திருகாணியும் நட்டும்தான். இராத்திரி முழுக்க ஆறின இன்ஜினில், இன்டேக் 0.2 மி.மீ. அருகே, எக்சாஸ்ட் கால் மி.மீ. அருகே ஃபீலர் கேஜ் வைத்துப் பாருங்கள். கெட்டி ஆயில் அந்தச் சத்தத்தைக் கம்பளி போட்டு மூடும், சரி செய்யாது.

இனி நீங்கள் கேட்ட எண்கள். பின்னால் இருக்கும் எண் சூடான இன்ஜினுக்கு. 100 டிகிரியில் 30 என்றால் 9.3 முதல் 12.5 சென்டிஸ்டோக் (ஆயிலின் கெட்டித்தன்மை அளவு), 40 என்றால் 12.5 முதல் 16.3, 50 என்றால் 16.3 முதல் 21.9. நீங்கள் காற்றாலைக்காரர், இந்த மொழி புரியும். டபிள்யூவுக்கு முன்னால் இருப்பது குளிருக்கு. நம் ஊரில் மார்கழிக் காலையிலும் இருபது டிகிரிக்கு அருகேதான் நிற்கும். அதனால் 5டபிள்யூவுக்கும் 10டபிள்யூவுக்கும் இங்கே பெரிய வித்தியாசம் தெரியாது. ஆனால் 20டபிள்யூ-50 இருபத்தைந்து டிகிரியிலேயே பாகு. மேலே போய்ச் சேர நேரம் எடுக்கும், அந்த நேரத்தில்தான் கேம் தேயும். நனைந்த மாடு என்று சரியாகத்தான் சொன்னீர்கள்.

முன் எண்ணுக்கும் பின் எண்ணுக்கும் இடைவெளி கூடக் கூட, அதைத் தாங்கிப் பிடிக்க பாலிமர் சேர்ப்பார்கள். விரட்டி ஓட்டினால் அந்தப் பாலிமர் நறுங்கும், ஆயில் மெலியும். கனிம ஆயிலில் இது இன்னும் சீக்கிரம். அதனால் அளவான இடைவெளி: 10டபிள்யூ-40. காசு இருந்தால் சிந்தெடிக் 5டபிள்யூ-40. டப்பாவின் பின்பக்கம் ஏ.சி.இ.ஏ. ஏ3/பி4 என்ற ஐரோப்பியத் தர முத்திரை இருக்கிறதா பாருங்கள். 150 டிகிரியில் வேகமாக நசுக்கும்போது 3.5 சென்டிபாய்ஸுக்குக் கீழே மெலியக் கூடாது என்பது அந்த முத்திரைக்குள் அடங்கிய விதி. பளபளப்பு ஸ்டிக்கரில் இருக்கும் ரேஸ் கார் படத்தைவிட அந்த ஒரு வரி முக்கியம்.

சிந்தெடிக் ஒழுகும் என்பது பாதிதான் உண்மை. சீல் ஏற்கெனவே வெடித்திருக்கும், அதில் கசடு அடைத்து நின்றிருக்கும். நல்ல ஆயில் கசடைக் கரைக்கும், ஓட்டை தெரியவரும். பழி ஆயிலுக்கு.

கிரேடு முடிவு செய்வதற்கு முன் ஆயில் பிரஷர் பாருங்கள். சூடான இன்ஜினில் ஐடிலில் குறைந்தது 10 பி.எஸ்.ஐ., 3,000 சுற்றில் குறைந்தது 50. இந்தக் குடும்ப இன்ஜின்களுக்கு ஹோண்டா சொன்ன கணக்கு அது. அது இருந்தால் 50 கிரேடுக்கு அவசியமே இல்லை.

ஸ்ரீவை_ஸ்டீயரிங்:

அண்ணாச்சி, ஒரு சந்தேகம். பழைய இன்ஜினுக்கு டப்பாவில் எஸ்.பி. என்று தரம் போட்ட புது ரக ஆயில் ஆகாது, தேய்மானத்தைத் தடுக்கும் ஜிங்க் குறைத்துவிட்டார்கள், கேம் தேய்ந்துவிடும் என்று படித்தேன். தேடிப்பிடித்து பழைய எஸ்.எல். டப்பா வாங்க வேண்டுமா?

தென்காசி_கொட்டகை:

வேண்டாம் தம்பி. புகையைச் சுத்தப்படுத்தும் கேட்டலிட்டிக் கன்வெர்டரைக் காப்பாற்ற, அந்த ஜிங்க் சேர்மானத்தோடு கூடவே வரும் பாஸ்பரஸை 0.08 சதவீதத்துக்குள் அடக்கினார்கள், உண்மைதான். ஆனால் அந்த உச்சவரம்பு 30க்கும் அதற்குக் கீழே உள்ள மெலிந்த கிரேடுகளுக்கும்தான். 40 ஊற்றுகிறவருக்கு அது பொருந்தாது. அதோடு இந்த இன்ஜினின் வால்வு ஸ்பிரிங் ஒன்றும் பழைய அமெரிக்க வி8 மாதிரி அரக்கத்தனமானது இல்லை. எஸ்.எல். என்று பழைய டப்பா எங்கேயாவது கிடைத்தால் அது எத்தனை வருஷம் கடை அலமாரியில் வெயில் காய்ந்தது என்றுதான் நான் கேட்பேன். போலி ஆயிலும் அப்படிப்பட்ட டப்பாவில்தான் வரும். காலி டப்பாவை எடைக்குப் போடும் முன் ஒரு ஆணியால் குத்திவிடுங்கள்.

ஆலங்குளத்துக்காரரே, சி.ஐ.-4 நல்ல ஆயில்தான், கழுவும். டிராக்டருக்கு. ஏழாயிரம் சுற்றுக்குப் போகிற இன்ஜினில் நான் அதை நம்பமாட்டேன்.

ஆலங்குளம்_டிராக்டர்:

பீப்பாய் இன்னும் பாதி இருக்கிறது. மச்சினனிடம் சொல்லவேண்டாம்.

பாளை_சிட்டி (மூன்று வாரம் கழித்து):

அண்ணாச்சி, சொன்னபடி எல்லாம் செய்தேன். வரிசையாக எழுதுகிறேன், கொஞ்சம் அசடு வழிந்ததும் சேர்த்து.

முதல் ஞாயிறு இன்ஜினை டீசலும் சோப்பும் போட்டுக் கழுவினேன். காய்ந்ததும் அம்மாவின் முகப் பவுடரை எடுத்து ஹெட் கவர் ஓரம், சோலினாய்டு, டிஸ்ட்ரிபியூட்டர் சுற்றி எல்லாம் தூவினேன். காற்றாலையில் கியர்பாக்ஸ் கசிவுக்கு இதையேதான் செய்வோம், வீட்டு வண்டிக்கு ஏன் தோன்றவில்லை என்று தெரியவில்லை. நாங்குநேரி வரை போய் ஒரு டீ குடித்துவிட்டுத் திரும்பினேன். பானெட்டைத் திறந்தால், சோலினாய்டுக்குக் கீழே பவுடர் நனைந்து விபூதி குழைத்த மாதிரி ஒரு கோடு. டிஸ்ட்ரிபியூட்டருக்கு அடியிலும். ஹெட் கவர் சுத்தம்.

சோலினாய்டைக் கழற்றியபோது அந்த வலையைப் பார்த்தேன். விரல் நகம் அளவுதான் இருக்கும். பாதிக்கு மேல் கறுப்புப் பொருக்கு. நகத்தால் சுரண்டினால் வெந்த முறுக்கு மாதிரி உதிர்ந்தது. இதன் வழியாகவா இத்தனை நாள் ஆயில் போய்க்கொண்டிருந்தது! புது பேக்கிங் மதுரையிலிருந்து வர ஒரு வாரம். ஓ-ரிங்கும், பி.சி.வி. வால்வும் அதோடு சேர்த்தே வாங்கினேன்.

பிரஷர் கேஜ் மாட்டப் போனபோது ஒரு கூத்து. இணையத்தில் வாங்கிய கேஜில் இருந்தது அமெரிக்க நூல். இரண்டு சுற்றோடு இறுகி நின்றுவிட்டது. பலம் கொடுத்திருந்தால் அலுமினியப் பல் போயிருக்கும். வண்ணார்பேட்டையில் ஒரு லேத் பட்டறைப் பெரியவர், கேஜ் மாட்டக் கழற்றிய ஆயில் பிரஷர் சுவிட்சைக் கையில் வாங்கிப் பார்த்த மாத்திரத்தில், "இது பி.எஸ்.பி. நூலுல்லா, எட்டுல ஒண்ணு, குழாய்க் கடையிலயே கிடைக்கும்" என்றார். கிடைத்தது. அங்குலத்துக்கு 28 பல், அமெரிக்க நூலில் 27. ஒரு பல்லில் இன்ஜின் தப்பியது.

பழைய 20டபிள்யூ-50 உள்ளே இருக்கும்போதே சூடாக அளந்தேன்: ஐடிலில் 25, மூவாயிரத்தில் 69. டேப்பட் பார்த்ததில் எக்சாஸ்ட் இரண்டு 0.35க்குப் போயிருந்தது. சரி செய்தேன். கையில் நாலு இடம் கீறல், கொசுக்கடி தனி.

பிறகு 10டபிள்யூ-40, ஏ3/பி4, பாதி சிந்தெடிக். டப்பா பின்பக்கத்தை வாசித்துக்கொண்டே நின்றதில் கடைக்காரர் "தம்பி பரீட்சைக்குப் படிக்கீங்களோ" என்று கேட்டுவிட்டார். ஃபில்டரோடு சேர்த்து மூன்றே கால் லிட்டர் அளவுக்கு வாங்கியது. அதே சூட்டில் அளந்தால் ஐடிலில் 18, மூவாயிரத்தில் 57. நீங்கள் சொன்ன 10, 50 இரண்டையும் தாண்டித்தான் நிற்கிறது.

அசடு வழிந்த இடம்: ஆயில் வடிக்கும் சம்ப் போல்ட்டுக்குப் பழைய வாஷரையே திருப்பிப் போட்டேன். மறுநாள் காலை அம்மா வாசலில் போட்ட கோலத்தில் மூன்று சொட்டு. "பவுடரையும் காலி பண்ணிட்டு, கோலத்தையும் கெடுத்துட்டியா" என்று இரண்டு நாள் சாப்பாட்டோடு பரிமாறினார். பத்து ரூபாய் அலுமினிய வாஷர். மாற்றிவிட்டேன்.

புளியரை இறக்கத்தில் தங்கை வீட்டுக்காரர் பைக்கில் பின்னால் வந்தார். சமதளத்தில் அழுத்தியபோது லேசாக ஒரு கொத்து நீலம், அப்புறம் இல்லையாம். ஏற்றத்தில் ஒன்றும் இல்லை. ஆக வால்வு சீல் கொஞ்சம் வயசாகிவிட்டது, ரிங் பிழைத்தது. சீலுக்கு இப்போதைக்குக் கை வைக்கப் போவதில்லை. திரும்பும் வழியில் பார்டர் கடையில் பரோட்டாவும் கோழியும் என் செலவு.

இன்றோடு 1,300 கி.மீ. ஆகிறது. டிப்ஸ்டிக்கில் இரண்டு குறிகளுக்கு நடுவில் கால் பங்குகூட இறங்கவில்லை. காலையில் தையல் மிஷின் சத்தம் இல்லை. அந்த இழுப்பு எல்லா நாளும் வருகிறது. நேற்று வள்ளியூர் தாண்டி, ஆனி மாதக் காற்று பக்கவாட்டில் வண்டியைத் தள்ளிக்கொண்டிருக்கும்போது ஒரு முறை ஆறாயிரத்து ஐந்நூறு வரை விட்டேன். ஒரே ஒரு முறைதான். பெரியம்மாவுக்கு இந்த இழை தெரியாது.

ஆயிலை ஐயாயிரம் கி.மீ.யில் இறக்கி, ஒரு சீசாவில் பிடித்து, எங்கள் கியர்பாக்ஸ் ஆயிலைச் சோதிக்கும் ஆய்வகத்துக்கே காசு கட்டி அனுப்பலாம் என்று இருக்கிறேன். இரும்பு எவ்வளவு, செம்பு எவ்வளவு என்று பிரித்துக் கொடுப்பார்கள். பேரிங் நிலவரம் அதில் தெரிந்துவிடும். வந்ததும் இங்கே போடுகிறேன்.

மேலப்பாளையம்_ஸ்பானர்:

18 பி.எஸ்.ஐ. நான் எதிர்பார்க்கவில்லை. சரி, ஒப்புக்கொள்கிறேன். என் பழைய அம்பாசடருக்கு மட்டும் 20டபிள்யூ-50தான், அதில் கை வைக்கமாட்டேன்.

தென்காசி_கொட்டகை:

அம்பாசடருக்கு அதுதான் சரி, ஊற்றுங்கள் ஓய்.

தம்பி, வேலை சுத்தம். ஆய்வக யோசனையும் நல்லது, ஒரு முறை அனுப்பினால் போதாது, இரண்டு மூன்று முறை அனுப்பினால்தான் போக்கு தெரியும். அது உங்களுக்கே தெரிந்திருக்கும். ஒரே ஒரு கேள்வி. ஆறாயிரத்து ஐந்நூறு என்று எழுதியதும் எனக்கு வயிற்றைக் கலக்கியது. பெரியப்பா நோட்டில் டைமிங் பெல்ட் எப்போது மாற்றியதாக இருக்கிறது? இது செயின் இல்லை, ரப்பர் பெல்ட். அறுந்தால் பிஸ்டன் போய் வால்வில் முட்டும்.

பாளை_சிட்டி:

இப்போதுதான் நோட்டை முதல் பக்கத்திலிருந்து புரட்டினேன் அண்ணாச்சி. பெல்ட் என்று ஒரே ஒரு இடத்தில் இருக்கிறது. 2009, 61,000 கி.மீ. பக்கத்தில் "நல்ல பெல்ட்".

தென்காசி_கொட்டகை:

நாளைக்குக் காலையில் வேலைக்கு எப்படிப் போகப் போகிறீர்கள்?

பாளை_சிட்டி:

நாகர்கோவில் பஸ்ஸில்.